டிரசர் புத்தகத்தில் ஒரு வரி

பாலத்தடித் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் காலை எட்டு மணிக்கே பிறந்தார்கள். நான் கதை விடவில்லை, பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மாதத்துக்கு ஒரு தடவை மோட்டாரில் ரெம்பா டவுனுக்குப் போய், அந்த மாதத்துக் குழந்தைகளை மொத்தமாகப் பதிந்துவிட்டு வருவார். பேர் கேட்டால் சொல்வார், தேதி கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்வார், நேரம் கேட்டால் எட்டு மணி. ரப்பர் பால் வெட்டுகிறவன் பிள்ளைக்கு லக்கினம் எதற்கு என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டமும் கைமாறி, சனங்கள் சிரம்பானுக்கு இறங்கி வீடு, கார் என்று வாழ ஆரம்பித்த பிறகுதான் அந்த எட்டு மணி உறுத்தத் தொடங்கியது. ஜோசியரிடம் போனால், நேரம் சரியில்லாமல் கட்டம் போட முடியாது என்று தட்சணையைத் திருப்பிக் கொடுத்தார். ஐம்பது வயது ஆட்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள், தங்கள் தலையெழுத்து என்னவென்று தெரியாமல் அலைந்தார்கள்.

அப்போதுதான் சிரம்பானில் ரஹாங் பக்கம் ஓய்வாக இருந்த ஹேமநாதன் தன் அப்பாவின் அலமாரியைத் திறந்தார். அப்பா சந்திரசேகரன் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். டாக்டர் எட்டிப் பார்க்காத இடத்தில் ஊசி போடுவது முதல் பிரசவம் பார்ப்பது வரை அவர்தான். சர்க்கார் பாரத்தில் கிராணி எதை எழுதினாலும் எழுதட்டும், தன் சொந்தப் புத்தகத்தில் டிரசர் நடந்ததை நடந்தபடி எழுதினார். தேதி, நிமிடக்கணக்கில் நேரம், எடை, தாய் பேர், தகப்பன் பேர், கடைசியில் குறிப்பு என்று அகலமான ஓர் இடம். யாருக்கு என்ன நோய், எவன் குடித்துவிட்டுப் பிள்ளைத்தாச்சியை உதைத்தான் என்பதெல்லாம் அந்த இடத்தில் இருந்தது. மொத்தம் பன்னிரண்டு புத்தகம். ஹேமநாதன் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தார். தேடுகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மகள் சுபாவை விட்டு ஒவ்வொரு வரியையும் தட்டச்சு செய்து பட்டியலாக்கினார். தோட்டத்து மக்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் உண்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் படத்தையும் பட்டியலையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆண்டு என்று போடத் தொடங்கினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆனால் அன்றைக்கு எல்லாரும் அவரைத் தெய்வம் என்றார்கள்.

தாயம்மாவுக்கு இந்தச் சேதி மத்தியானச் சோற்றின்போது வந்தது. எதிரே ரோகினி உட்கார்ந்து, கைபேசியை ரசச்சட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ரோகினிக்கு நாற்பத்தாறு வயது, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. புருஷன் சிவாவுக்குப் பினாங்கில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவான். வீட்டில் மற்ற நாளெல்லாம் அவளும் அவள் அக்கா தாயம்மாவும்தான். தாயம்மாவுக்கு அறுபத்திரண்டு.

"அக்கா, டிரசர் புக்கு கெடச்சிருச்சிலா! இந்த வாரம் எழுபத்தஞ்சு போட்டிருக்காங்க. இன்னும் மூனு வாரம், எழுபத்தெட்டு வந்துரும். நான் பொறந்த நேரம் தெரிஞ்சிரும்."

"இத்தன வருசமா அது தெரியாம நீ என்னா கெட்டுப்போய்ட்ட?"

"நீ சொல்லுவ. ஜோசியர்கிட்ட நான் எத்தன தடவ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தேன், ஒனக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கத்திலும் எழுதிவிட்டாள். '1978 ஜூன், என் வரிக்காகக் காத்திருக்கிறேன்' என்று. கூடவே இரண்டு கும்பிடு.

தாயம்மா பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்தி வைத்தாள். ரோகினி அவளுக்குத் தங்கச்சி இல்லை. அவள் பெற்ற மகள்.

பதினாறு வயதில் அவள் மண்டோர் வீரமுத்துவின் கீழ் பால் வெட்டினாள். வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் மண்டோர் கையில் இருந்த காலம். பால் எடை போட்டு முடிந்து எல்லாரும் போன பிறகு, அவளை மட்டும் கொட்டகையில் நிற்கச் சொன்னான். மூன்று மாதம் அப்படி நிற்கச் சொன்னான். வயிறு தெரிந்ததும் அப்பன் தங்கராஜு அடித்தான், ஆத்தாள் செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள், கங்காணி வந்து உட்கார்ந்து நியாயம் சொன்னார். மண்டோர் கல்யாணமானவன், அவனைப் பகைத்துக்கொண்டால் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான், ஆகையால் குழந்தை செல்லம்மாவுடையது என்று தீர்ந்தது. தாயம்மாவுக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லி ஐந்து மாதம் அறைக்குள் பூட்டி வைத்தார்கள். செல்லம்மா வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். பிரசவத்துக்கு மட்டும் டிரசரை அந்த அறைக்குள் விட்டார்கள்.

ரோகினிக்கு ஒன்பது வயதாகும்போது செல்லம்மா செத்தாள். தாயம்மா கல்யாணம் வேண்டாம் என்றாள். தோட்டம் கைமாறியதும் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரம்பானுக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் ஊரார் ரத்தம் பட்ட துணியைத் துவைத்து அவளை டீச்சர் ஆக்கினாள். அக்கா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொந்தபந்தம் மெச்சியது. விஷயம் தெரிந்த அப்பன், ஆத்தாள், கங்காணி, டிரசர் நாலு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் வீரமுத்து. அவன் ஏன் வாயைத் திறக்கப் போகிறான்? ரோகினிக்குத் தெரியாமல் கண்ணை மூடிவிட வேண்டும், தாயம்மாவுக்கு வேறு வேண்டுதல் கிடையாது. இது ஒன்றும் பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே அவள், அதே ரஹாங்கில் இரண்டு தெரு தள்ளி இருந்த ஹேமநாதன் வீட்டுக்குப் போனாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். டிரசர் வீட்டுக்குத் தோட்டத்துச் சனம் வெறுங்கையோடு போனதில்லை. டிரசர் செத்து இருபது வருடமாகியும் அந்தப் புத்தி போகவில்லை.

"ஐயா, எழுபத்தெட்டுப் பொஸ்தகத்துல ஒரு வரிய எடுத்துரணும்."

"எந்த வரிம்மா?"

பாவம், அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள்? ஒளித்து வைக்க வேண்டுமானால் எதை என்று காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு புத்தகத்திலும் இரண்டாயிரத்துச் சொச்சம் வரி. ஹேமநாதன் அதில் ஒன்றைக்கூட ஊன்றிப் படித்ததில்லை, அவளும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கவும் போவதில்லை. தாயம்மாவுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, புத்தகமோ இங்கிலீஷ், தேதியை மட்டும் சொன்னாள். அவர் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, வாய்விட்டுத் தமிழாக்கிப் படித்தார்.

"பெண் குழந்தை, பிற்பகல் இரண்டு நாற்பது. தாய், தங்கராஜு மகள் தாயம்மா, வயது பதினாறு, மணமாகாதவள். தகப்பன் மண்டோர் வீரமுத்து என்கிறாள், மண்டோர் மறுக்கிறான். கங்காணி சொற்படி குழந்தை செல்லம்மா பேரில் பதிவு."

நாற்பத்தாறு வருடத்தில் அதை ஒருவர் வாயால் அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

"செல்லம்மான்னு மாத்திருங்கய்யா. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

ஹேமநாதன் கெட்டவர் இல்லை. கொள்கைக்காரர், அதுதான் வினை. "மறைக்கலாம்மா, மாத்தக் கூடாது. அப்பா கையெழுத்து. நம்ம சனத்தோட வரலாறு இது."

"அப்ப அந்தப் பக்கத்தையே போடாதீங்க."

"அந்தப் பக்கத்துல இன்னும் பதினோரு பேரு இருக்காங்களே, அவங்க நேரத்துக்கு எங்க போவாங்க? கவலப்படாதீங்க. அந்த வரிய மட்டும் கறுப்பா அடிச்சிர்றேன், ஒரு எழுத்து தெரியாது. எம் பொறுப்பு."

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை, எழுபத்தெட்டாம் ஆண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஹேமநாதன் பூசணிக்காயைச் சோற்றுக்கு மேலேயே வைத்துவிட்டார். இரண்டாயிரம் வரியில் ஒரே ஒரு கறுப்புப் பட்டை, அதுவும் ஜூன் மாதத்தில்.

"அக்கா, இங்க பாரு. என் வரிய மட்டும் யாரோ அடிச்சி வச்சிருக்காங்க!"

"மை கொட்டியிருக்கும். விட்டுத்தொல."

"மை இவ்வளோ நேராவா கொட்டும்?"

ரோகினி அதைப் படமெடுத்து, ஏன் இப்படி என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டாள். கேள்வி போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஹேமநாதன் படத்தைத்தான் கறுப்பாக்கினார், சுபா தட்டச்சு செய்த பட்டியலை மறந்தே போனார். தேடுகிற கட்டத்தில் ஆண்டையும் மாதத்தையும் போட்டால் வரி முழுசாக வந்து நின்றது. பழைய லயத்தில் நாலு வாசல் தள்ளிக் குடியிருந்த வள்ளிநாயகி அதை அப்படியே வெட்டி, ரோகினியின் கேள்விக்குக் கீழே ஒட்டினாள். 'இதுதானே நீங்க தேடுனது டீச்சர்?' என்று ஒரு பூவும் வைத்தாள்.

ரோகினி படித்தாள். பக்கத்தில் நின்ற தாயம்மாவுக்கு அந்த எழுத்து புரியாது, ஆனால் ரோகினியின் முகம் புரிந்தது.

அதற்குப் பிறகு ஊர் கூடிவிட்டது. நம்ம தாயம்மாவா என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள். ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க என்றான் ஒருத்தன். மண்டோர் மறுக்கிறான்னு டிரசரே எழுதியிருக்காரு, அப்ப வேற யாரோ என்று இன்னொருத்தன் துப்புத் துலக்கினான். சிரிக்கிற படம், கண்ணைப் பொத்துகிற படம், கும்பிடுகிற படம் எல்லாம் வந்தன. தங்கள் பிறந்த நேரம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தவர்களுக்கு இது பாயசத்துக்கு மேல் முந்திரி.

வீரமுத்து உயிரோடுதான் இருக்கிறார். எண்பத்து மூன்று வயதில், கோலா கிளாவாங்கில், பேரப்பிள்ளைகள் புடைசூழ. பேரன் தேவனுக்கு வக்கீல் ஆபீசில் வேலை. அவன் ஹேமநாதனுக்கு ஒரு கடிதம் அனுப்பினான். தாத்தாவுக்கு இருதயக்கோளாறு, ஒரு மனிதரின் அந்தரங்க விவரத்தைப் பொதுவில் போடுவது சட்டப்படி குற்றம், ஒரு மணி நேரத்தில் பெயர் போகாவிட்டால் நோட்டீஸ் வரும் என்று. ஹேமநாதன் ஒரு மணி நேரமெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணியில் எடுத்துவிட்டார். மறைக்கலாம், மாற்றக் கூடாது என்ற கொள்கை வழுவாமல், வீரமுத்து என்ற இடத்தில் மூன்று கோடு போட்டார். தாயம்மா, வயது பதினாறு, மணமாகாதவள் என்பது அப்படியே இருந்தது.

அது காதுக்கு எட்டியதும் தாயம்மா ஹேமநாதனுக்குப் போன் செய்தாள்.

"எம் பேரும் எடுத்துருங்கய்யா."

"இப்ப எடுத்தா என்னாம்மா ஆகப் போவுது? அதான் எல்லாரும் பாத்துட்டாங்களே. எடுத்தா இன்னும் நாலு பேரு ஏன்னு கேப்பான்."

ஏழைச் சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். வக்கீல் ஆபீசுப் பேரன் இல்லாத சொல்லும் ஏறாது போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் ரோகினி அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஆளு கட்டாயப்படுத்துனாரா, இல்ல நீயாப் போனியா?"

நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற டீச்சர்தான், ஆனாலும் அப்படித்தான் கேட்டாள். தாயம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாமல் இல்லை. கேட்ட வாய் அவள் சோறு ஊட்டிய வாய். பதில் வராததை ரோகினி தன் பாட்டுக்குப் புரிந்துகொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். நாலு நாள் இப்படியே போயிற்று. தாயம்மா சமைத்து வைத்தாள், ரோகினி உள்ளே எடுத்துப் போய்த் தின்றாள். கழுவின தட்டு மட்டும் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து வந்தவள், பையைக்கூட இறக்கவில்லை. அடுப்படித் தரையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த தாயம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிரு. என்னா நடந்துச்சின்னு எங்கிட்ட சொல்லு. எங்கிட்ட மட்டும் சொல்லு."

தாயம்மா சொன்னாள். மூன்று மணி நேரம் சொன்னாள். கொட்டகையில் நடந்தது, பூட்டின அறையில் நடந்தது, அப்பன் செய்தது, பால் கட்டின மார்போடு ஆத்தாளுக்குப் பின்னால் நின்றது, எல்லாம். அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நெத்திலி காய்ந்து போயிற்று. பேசி முடித்தபோது அவளுக்கு உடம்பே லேசாக இருந்தது. யாருக்குத் தெரிந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தாளோ, அவளுக்கே தெரிந்துவிட்டது. அவள் எழுந்து போகவும் இல்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தாயம்மா ஆசையாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை முழுக்க ரோகினி அறைக்குள் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சைத் தாளாக இருக்கும் என்று தாயம்மா அவளுக்கு இரண்டு தடவை காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அது வெளியே வந்தது. 'என் தாய் ஒரு தியாகி' என்று தலைப்பு. கைலியும் பழைய சட்டையுமாக நெத்திலிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாயம்மாவின் படம், எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை. கீழே அடுப்படியில் சொன்னது ஒன்றுவிடாமல் இருந்தது, நல்ல தமிழில், சந்திப்பிழை இல்லாமல். பாலத்தடித் தோட்டத்துக்காரர்கள் ஆளுக்கு ஆள் அனுப்பி, மத்தியானத்துக்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. ரோகினி அதைச் சந்தோஷமாகக் கொண்டுவந்து காட்டினாள்.

"ரெண்டாயிரத்து எண்ணூறு பேரு! ஈப்போவுலருந்து ஒரு டீச்சர் ஒன்னப் பாக்கணும்கிறாங்க. சிங்கப்பூருலருந்து ஒரு ஆளு ஒங் கால்ல விழணும்னு எழுதியிருக்காரு."

"படிச்சிக் காட்டு."

ரோகினி படித்துக் காட்டினாள். கொட்டகை வரும் இடத்தில் தாயம்மா கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"எடுத்துரு ரோகி."

"ஏன்?"

"ஒங்கிட்டதான சொன்னேன். ஒன்ட்ட மட்டும்தான சொன்னேன். எடுத்துரு சாமி."

"எடுத்தா நம்மதான் தப்பு பண்ணிட்டோம்னு ஆயிரும்மா. நீ ஏன் வெக்கப்படணும்? அந்த ஆளுதான் வெக்கப்படணும்."

நாற்பத்தாறு வருடத்தில் ரோகினி அவளை அம்மா என்றது அதுதான் முதல் தடவை. மாட்டேன் என்று சொல்வதற்காகக் கூப்பிட்டாள்.

வெட்கப்பட வேண்டிய ஆளின் பேரனிடமிருந்து அன்று சாயங்காலமே ரோகினிக்கும் கடிதம் வந்தது. பள்ளிக்கும் கல்வி இலாகாவுக்கும் நகல் போகும் என்று அடியில் ஒரு வரி. ரோகினி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அடுத்த ஆண்டு அவளுக்குத் தலைமையாசிரியை வேலை வர வேண்டியிருந்தது. பிறகு வீரமுத்து என்று வந்த இடங்களையெல்லாம் தேடி 'ஒரு மேலாள்' என்று மாற்றினாள். கோலா கிளாவாங்கையும் எடுத்துவிட்டாள். தாயம்மாவின் பேரும், படமும், ரஹாங்கில் இருக்கிறாள் என்பதும் அப்படியே இருந்தன. அவை இல்லாவிட்டால் கதைக்கு உயிர் இல்லை என்றாள்.

திங்கட்கிழமை காலை தாயம்மா பாசாருக்குப் போனாள். போகாமல் இருந்தால் ரோகினிக்கு மத்தியானம் கறி இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மீன் வாங்கினாள். மீன்காரன் சீனன், அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனிடம் நின்றபோது கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு கீரைக்கு வந்தாள். கீரைக்காரி தனலெட்சுமியிடம் பதினைந்து வருடமாகப் பொன்னாங்கண்ணி வாங்குகிறாள். விலையைத் தவிர இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

தனலெட்சுமி அவளைக் கண்டதும் மேசைக்கு மேலே கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவினாள். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை.

"படிச்சேன்கா. படிச்சிட்டு அழுதுட்டேன். இத்தன நாளா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னதில்லையே நீங்க."

இரண்டு கட்டுக்கு மூன்று கட்டாக வைத்து, காசு வேண்டாம் என்று தள்ளினாள். பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனலெட்சுமி குரலைத் தாழ்த்தினாள், ஆனாலும் அவர்களுக்குக் கேட்டது.

"ஒங்கப்பா கொள்ளிக்கட்டையால முதுகுல சுட்டாராமே. அந்தத் தழும்பு இன்னும் இருக்காக்கா?"

அந்த இடத்தை ஆத்தாளுக்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைதான் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, ரோகினிக்குச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். இப்போது கீரையை எடுக்கவும் தோன்றாமல், தோளில் கிடந்த துண்டை இழுத்து முதுகை மூடிக்கொண்டு திரும்பினாள். முருங்கைக்காய்ப் பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். தனலெட்சுமி முக்காலியை விட்டு எழுந்து, அவள் முதுகை எட்டிப் பார்த்தாள்.